ஒன்பதாவது வளையம்

"இதுல வண்டி எங்கிட்டு வரும்?"

பென்சில் முனை வரைபடத்தின் மேற்கு வேலியில் புறப்பட்டது. பெரிய வட்டத்தின் விளிம்பு வரை வந்து முட்டியது. திரும்பி, நாற்காலிக் கட்டங்களின் ஓரமாகவே ஊர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. லிங்கசாமி அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த வண்டிங்க?"

"எங்க வண்டிதான்ணே. தீப்பிடிச்சா நாங்க வரணும்ல. எட்டடி அகலம். ரெண்டு பக்கமும் ஆளு எறங்கி குழாயப் பிடிச்சு ஓடணும். பன்னெண்டு அடி வேணும். இங்க ஒரு பூனை போறதுக்கு எடம் காட்டுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

தீயணைப்பு நிலைய அலுவலர் சோணைமுத்து சிவகங்கைப் பக்கத்துக்காரர். திருப்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. சட்டைக் கைகளை மடித்துவிட்டிருந்தார். பல்லடம் ரோட்டில் ஒரு கழிவுப் பஞ்சுக் குடோன் மூன்று நாள் எரிந்து முந்தாநாள்தான் அணைந்தது. அதனால்தான் வரைபடம் இந்த மேசைக்கு வர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. கண்கள் இன்னும் சிவந்திருந்தன.

அரங்கேற்றம் சனிக்கிழமை. நாளைக்கு. நெருப்பெரிச்சல் மைதானத்தில் தொள்ளாயிரம் பெண்கள் ஒன்பது வளையங்களாக நின்று, முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி வள்ளி கும்மி ஆடுகிறார்கள். பார்க்க மூவாயிரம் பேர் வருவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு இதே மைதானத்தில் ஆடியபோது காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள், முடிந்தது. இப்போது கூட்டம் கூடும் எதற்கும் பாதுகாப்புத் திட்டம் எழுதிக்கொடுக்க வேண்டும். மின்வாரியம் கம்பிகளைப் பார்த்துவிட்டது. சுகாதாரப் பிரிவு கழிப்பறைகளை எண்ணிவிட்டது. மேடைக்குப் பொறியாளர் சான்று வந்துவிட்டது. வழியைப் பார்ப்பது தீயணைப்பு நிலையம். இங்கே ஒப்புதல் வாங்கி, காவல் நிலையத்தில் காட்டி, மாலை ஐந்து மணிக்குள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுத்தால் அனுமதி. இல்லாவிட்டால் தொள்ளாயிரம் பேரும் சேலையை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான். அந்தத் தொள்ளாயிரத்தில் ஒருத்தி லிங்கசாமியின் மனைவி சாரதாமணி.

மணி பத்தே முக்கால்.

"யாருண்ணே வரைஞ்சது?"

"நானுங்க."

"என்ன பேப்பரு இது?"

"மார்க்கர் பேப்பருங்க. பனியன் கம்பெனியில துணி மேல போடறது."

சோணைமுத்து மறுபடி பார்த்தார். நூற்றெண்பது அடி அகலம், இருநூற்று அறுபது அடி நீளமுள்ள மைதானம், பத்தடிக்கு ஓர் அங்குலமாக, கோடு பிசகாமல் உட்கார்ந்திருந்தது. வட்டம் மேற்கு வேலியையும் கிழக்கு வேலியையும் தொட்டது. வட்டத்துக்கு வெளியே நான்கு மூலைகளிலும் மிஞ்சிய முக்கோணங்களில்கூட நாற்காலிகள். ஆம்புலன்ஸ், குடிநீர்த் தொட்டி, ஜெனரேட்டர், ஒவ்வொன்றும் அதனதன் பொந்தில்.

"அருமையாத்தான் இருக்கு. ஒரு அங்குலம் வீணாப் போகல. அதுதான் கோளாறு."

லிங்கசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் கால் வலித்தது. ஆறு வாரமாக அலைந்த கால்.

முப்பத்தாறு வருஷம் அவர் துணி மேல் கோடு போட்டவர். காங்கேயம் பக்கத்தில் தேங்காய்க் களத்தில் வேலை செய்தவரின் மகன். பதினேழு வயதில் திருப்பூருக்கு வந்து, வெட்டிய துண்டுகளை அடுக்கிக் கட்டும் கைமடி வேலையில் ஆரம்பித்து, இருபத்தைந்தில் கட்டிங் மாஸ்டர் ஆனார். நூறு மடிப்புத் துணி மேசை மேல் விரிந்து கிடக்கும். அதன் மேல் ஒரு பேப்பர். அந்தப் பேப்பரில் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் நெருக்கி வரைய வேண்டும். இரண்டு துண்டுக்கு நடுவே விரல் நுழைந்தால் அது நஷ்டம். கையின் வளைவுக்குள் கழுத்துப்பட்டியைச் செருகுவார். அக்குளின் பள்ளத்தில் பாக்கெட்டை வைப்பார். லிங்கசாமி மார்க் போட்டால் வேஸ்ட் மூட்டை தூக்க வருகிறவன் முகம் சுளிப்பான் என்று கம்பெனியில் பேச்சு. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரே டிசைனை அவரிடமும் அதனிடமும் கொடுத்தார்கள். அவர் நூற்றுக்கு எண்பத்தெட்டே முக்கால் பாகம் துணியை உபயோகித்தார். கம்ப்யூட்டர் எண்பத்தொன்பதே கால். அரைப் பாகத்தில் தோற்று வீட்டுக்கு வந்தவர் அவர். இப்போது நல்லூரில் இரண்டு சின்ன யூனிட்டுக்கு எப்போதாவது பேட்டர்ன் வெட்டிக் கொடுக்கிறார்.

ஸ்கேல் பிடிக்கத் தெரிந்தவர் என்று விழாக் குழு இந்த வேலையை அவர் தலையில் கட்டியது. மைதானம் அவருக்குத் துணியாகத்தான் தெரிந்தது. காலி இடம் கண்ணில் பட்டதும் கை தானாக எதையாவது கொண்டுபோய் அங்கே வைத்தது.

"இப்பவே மாத்தித் தந்தா பாப்பீங்களா?"

"ரெண்டு பக்கமும் பன்னெண்டு அடி. தெக்குலயும் வடக்குலயும் ரெண்டு ரெண்டு வாசல். மூலையில கெடக்குற சேரெல்லாம் எடுத்துருங்க." சோணைமுத்து வரைபடத்தைச் சுருட்டிக் கொடுத்தார். "நெரிசல்ல சாகுறவுகளுக்கு மேல்ல காயமே இருக்காதுண்ணே. தூக்கிப் பாத்தவன் சொல்றேன். மூணு மணி வரைக்கும் இங்கனதான் இருப்பேன். பெறகு எங்க மணி அடிக்குதோ அங்க."

முருகவேல் கும்மி ஆசிரியர். பகலில் நெருப்பெரிச்சலில் மாவு மில் வைத்திருக்கிறார். லிங்கசாமி வண்டியை நிறுத்தியபோது புருவம், மீசை, காது மடல் எல்லாம் மாவு படிந்து வெள்ளையாக இருக்க, அவர் மிளகாய் மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். மில்லை நிறுத்தினார். பெல்ட் ஓடி ஓய்ந்தது.

"கையெழுத்து ஆச்சுங்களா?"

"ஆகுலீங்க. வழி இல்லைங்கறார்."

"எதுக்கு வழி?"

"வண்டி வரக்கு. ஆளு ஓடறக்கு."

"எதுக்குங்க ஓடறாங்க? கும்மி பாக்க வாரவீங்க உக்காந்து பாக்கப்போறாங்க."

லிங்கசாமி மாவு சலிக்கும் தகரத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் வரைபடத்தை விரித்தார். நான்கு ஓரத்திலும் எடைக்கற்களை வைத்தார். உள்வளையத்தில் அறுபது பேர். அடுத்ததில் எழுபது. இப்படிப் பத்துப் பத்தாகக் கூடி ஒன்பதாவதில் நூற்று நாற்பது. ஆளுக்கு நாலடி. ஒன்பதாவது வளையம் வேலியைத் தொடுகிறது. அதை எடுத்தால் இரண்டு பக்கமும் ஏழடி கிடைக்கும். எட்டாவதையும் எடுத்தால் பதின்மூன்று.

"நாலடிய மூன்றரை ஆக்கினா?" என்றார். கேட்கும்போதே, பழையபடி நெருக்கத்தான் பார்க்கிறோம் என்று தெரிந்தது.

"கை வீசுனா பக்கத்துல நிக்கறவ மூஞ்சியில படுங்க. மூணு மாசமா நாலடியில பழகிருக்குது."

"வட்டத்தக் கொஞ்சம் நீளமா இழுத்தா? மைதானம் அந்தப் பக்கம் எச்சா இருக்குது."

"கோழிமுட்டையாட்டவா? ஓரத்துல இருக்கறவ ஓடோணும், நடுவுல இருக்கறவ நிக்கோணும். அடி சேராதுங்க. வட்டம்னா வட்டந்தான்."

"ரெண்டு பேட்ச்சா ஆடுனா?"

"நாலு மணிக்கு ஆரம்பிச்சு எட்டு மணிக்கு முடிக்கோணும்னு எழுதிக் குடுத்தது நீங்கதானுங்க. வள்ளிக்குக் கலியாணம் பண்ணி வெக்கவே நாலு மணி நேரம் ஆகுது. ரெண்டு தடவ பண்ணி வெக்க முடியுங்களா?"

முருகவேல் தலையைத் தட்டினார். மாவு பறந்தது.

"எட்டும் ஒம்பதும் கடேசியா வந்து சேந்தவீங்க," என்றார் முருகவேல். "எடுத்தா அவங்களத்தான் எடுக்கோணும். எரநூத்தி எழுவது பேருங்க. சலங்கை பூசை பண்ணி எல்லாரும் கால்ல கட்டியாச்சு. கட்டுனத ஆடாம அவுக்கக்கூடாதும்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். மில்லில் வேறு யாரும் இல்லை. "உங்கூட்டுக்காரங்க ஒம்பதுலதான நிக்கறாங்க?"

"ஆமாங்க."

"ஏழாவதுல வினிதான்னு ஒரு புள்ள. சிங்கர் மிசின்ல தைக்கற டைலருங்க. போன வாரம் ரெண்டு நாளு வரவே இல்ல. அதைய எடுத்துப்போட்டு அம்மிணியப் போட்டுக்கலாம். பேரு லிஸ்டு எப்படியும் புதுசா எழுதோணும். ஆருக்குந் தெரியாதுங்க."

லிஸ்ட் லிங்கசாமியின் பையில் இருந்தது. வளையத்துக்கு ஒரு தாளாக ஒன்பது தாள்கள். பெயர், தெரு, போன் நம்பர். ஏழாவது தாளின் கடைசியிலிருந்து மூன்றாவது பெயர் வினிதா. பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

சாரதாமணி இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டே, வந்து விழும் பனியன்களில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் பிசகு பார்க்கும் வேலை. நாளுக்குப் பத்து மணி நேரம். வலது முழங்கால் வீங்கும். பயிற்சி தொடங்கிய முதல் மாதம் ஷிப்மென்ட் நெருக்கடியில் தினமும் ஓவர்டைம் பார்த்ததால் கடைசியாகப் போய்ச் சேர்ந்தாள். அதனால்தான் ஒன்பதாவது. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, குக்கர் விசில் வரும்வரை அடுப்படியில் அடி போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் லிங்கசாமி சிரித்துவிட்டார். "ஏனுங்க, காலு வலிக்கறது எனக்கு. உங்களுக்கு என்ன சிரிப்பு?" என்றாள். அடி மட்டும் நிற்கவில்லை.

பேனா பெயரின் மேலேயே சற்று நேரம் இருந்தது. அந்த வினிதா யார் என்று அவருக்குத் தெரியாது. தெரியாதவள் என்பதால் நியாயம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. பெயரை அடித்தால் அவளுக்குப் போன் பண்ண வேண்டும். அவள் ஏன் என்று கேட்பாள். அவள் அம்மா கேட்பாள். ஆறு வாரமாக ஒவ்வொரு மேசை முன்னாலும் நின்று ஏன் என்பதற்குப் பதில் சொன்னவருக்கு இன்னொரு ஏனைத் தாங்கத் தெம்பில்லை.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். எட்டாவது தாளையும் ஒன்பதாவது தாளையும் உருவி எடுத்து முருகவேலிடம் கொடுத்தார்.

"இத நீங்களே வெச்சுக்கங்க."

"ரோசன பண்ணிச் சொல்லுங்க. அம்மிணி நெம்ப ஆசப்பட்டாங்க."

"படத்த மாத்தோணும். நேரமில்லீங்க."

மில் ஓரத்திலேயே உட்கார்ந்து புதுப் பேப்பரில் வரைந்தார். வட்டத்தைச் சுருக்கினார். இரண்டு பக்கமும் பதின்மூன்று அடியை ஒன்றும் எழுதாமல் விட்டார். மூலை நாற்காலிகளை எடுத்தார். தெற்கிலும் வடக்கிலும் இரண்டிரண்டு வாசல். காலியாகக் கிடந்த வெள்ளைப் பேப்பரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஜெனரேட்டரையாவது அந்த ஓரத்தில் வைக்கலாமா என்று ஒரு முறை பென்சில் போனது. கையை இழுத்துக்கொண்டார்.

ஒன்றே காலுக்குச் சாரதாமணி கூப்பிட்டாள். கம்பெனியில் போனை லாக்கரில் வைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில்தான் எடுக்கலாம். பின்னால் தட்டுகளின் சத்தமும் யாரோ இந்தியில் சிரிப்பதும் கேட்டன.

"ஆச்சுங்களா?"

"ஆகும். எட்டும் ஒம்பதும் எடுத்தாத்தான் ஆகும்."

"எடுத்தான்னா?"

"அந்த ரெண்டு வளையமும் ஆடறதில்ல."

யாரோ அவளிடம் ஊறுகாய் கேட்டார்கள். "இந்தா, எடுத்துக்க," என்றாள். பிறகு போனில், "சாமியாத்தாக்கா எட்டுல நிக்குதே. அதும் இல்லீங்களா?"

"இல்ல."

"முப்பத்தாறு வருசம் துணிய வெட்டுனீங்க. ஒரு நா என்னயக் கூட்டீட்டுப் போயி அந்த மேசையக் காட்டுனதில்ல. இப்ப நல்லா வெட்டிக் காட்டீட்டீங்க."

"ஏனுங்கம்மிணி, வழி இல்லீன்னு சொல்றாங்க. நான் என்ன பண்றது?"

"மொதல்லயே வழி வெச்சிருந்தா இத்தன பேருக்கு எடமில்லீன்னு மொதல்லயே சொல்லீருப்பாங்க. நான் சேந்தே இருக்கமாட்டேன். காலுக்கு எண்ணையாவது மிஞ்சீருக்கும்."

மணி அடித்தது. போன் அணைந்தது. ஏழாவது வளையத்தில் ஓர் இடம் இருந்ததை அவர் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்ததா என்று பிறகு யோசித்துப் பார்த்தார். ஊறுகாய் கேட்டபோது இருந்தது.

இரண்டரைக்குச் சோணைமுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தார். மேற்கில் அளந்தார். கிழக்கில் அளந்தார்.

"பதிமூணு இருக்கே. பன்னெண்டுதான கேட்டேன்."

"வளையம் அப்படித்தானுங்க வருது. ஒரடிக்கு ஒரு வளையம் வெக்க முடியாது."

"எத்தன பேரக் கழிச்சீக?"

"எரநூத்தி எழுவது."

சோணைமுத்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை மையில் இரண்டு முறை அமுக்கினார். "இந்த வழியில நாளைக்கு ஒருத்தரும் நிக்கக்கூடாதுண்ணே. பேப்பர்ல காலியாக் காட்டிட்டு மைதானத்துல பஞ்சுமிட்டாய்க்காரன விட்றாதீக. நாப்பது ஆளாவது நிறுத்தணும். அவுக வேல அந்த எடத்தக் காலியா வெச்சிருக்கிறது. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்.

காவல் நிலையத்தில் ரைட்டர் பிரிசில்லா. தூத்துக்குடியில் பிறந்தவர். ஆறு வாரத்தில் லிங்கசாமி ஏழாவது முறையாக அந்த மேசை முன் நிற்கிறார். அவரைப் பார்த்ததுமே நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி. இருங்க. நீங்க நிக்கதப் பாத்தா எனக்குக் கால் வலிக்கி." புதுப் படத்தை விரித்துப் பழையதன் நகலோடு சேர்த்துப் பார்த்தார். "பழசு சட்ட தைக்கலாம் போல இருந்துச்சு. இது லுங்கி மாதிரில்லா இருக்கு. லூசா."

லிங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு.

"லிஸ்ட்ல ஏழு தாள்தானே இருக்கு? ஒன்பதுன்னு எழுதியிருக்கு."

"ரெண்ட எடுத்தாச்சுங்க."

"யாரெல்லாம்?"

"கடேசியா வந்தவங்க."

"எப்பவும் அவங்கதான்." ஒன்பதை அடித்து ஏழு என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். "சண்டை வரும்லா. நாளைக்கு ரெண்டு பெண் காவலர் கூட அனுப்பச் சொல்லுதேன். சாயா குடிக்கீளா?"

"நேரமில்லீங்க."

"நேரம் இருக்கு அண்ணாச்சி. மூணரைதான் ஆவுது. முகத்தைப் பார்த்தா மூணு நாள் ஆன மாதிரி இருக்கு."

டீ குடித்தார். சர்க்கரை அதிகம். குடித்து முடித்துக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மண்டல அலுவலகத்தில் நான்கு நாற்பதுக்கு ஃபைலைக் கொடுத்தார். பிரித்துப் பார்த்த எழுத்தர் பக்கங்களை எண்ணினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். லிங்கசாமி முப்பத்தொரு கையெழுத்துப் போட்டார். இருபதுக்கு மேல் அவருடைய கையெழுத்து அவருடையது மாதிரி இல்லை. ஐந்து பத்துக்கு அனுமதிக் கடிதம் வந்தது; அதன் கீழும் ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கினார். பதினெட்டு நிபந்தனைகள். வெளியே வந்து வண்டி மேல் வைத்து ஒரு முறை படித்தார். எந்த அசம்பாவிதத்துக்கும் கீழே கையெழுத்திட்டவரே பொறுப்பு என்பது நாலாவது. கீழே கையெழுத்திட்டவர் அவர்தான். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். பசித்தது.

பொழுது சாய, பயிற்சி நடக்கும் கோயில் மைதானத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். நாளைக்கு அரங்கேற்றம், இன்றைக்குப் பயிற்சி இல்லை, விவரம் மட்டும் என்று சொல்லியிருந்தார்கள். கம்பெனியிலிருந்து நேராக வந்தவர்களின் தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. முருகவேல் மைக் இல்லாமலே சொன்னார். அனுமதி வந்துவிட்டது என்றபோது கைதட்டினார்கள். எட்டும் ஒன்பதும் என்றபோது தட்டிய கைகள் அப்படியே நின்றன.

சாமியாத்தாள் முன்னால் வந்தாள். எட்டாவது வளையம். ஐம்பத்தெட்டு வயது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் பணியாரக் கடை போட்டிருப்பவள். மூன்று மாதமாகப் பயிற்சிக்காக ஆறு மணிக்கே கடையை எடுத்தவள்.

"படம் போட்டது ஆரு?"

முருகவேல் திரும்பி லிங்கசாமியைப் பார்த்தார்.

"நானுங்க."

"அளக்கத் தெரியுமா, இல்ல சும்மா கோடு போட்டயா?"

"மொதல்ல தப்பாப் போட்டனுங்க. காலி எடம் உடோணும்னு தோணல."

"உங்கூட்டுக்காரி எந்த வளையம்?"

"ஒம்பதுங்க."

சாமியாத்தாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். சாரதாமணி பின்னால் வேப்பமரத்துக்கடியில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

"அப்பறம் நா என்னத்தைப் பேசறது," என்றாள் சாமியாத்தாள். ஆனால் நகரவில்லை. பக்கத்திலிருந்த இன்னொருத்தி விடவில்லை. "பொண்டாட்டிய நிறுத்தறதுக்கு எங்களையும் எதுக்குங்க சேத்தி நிறுத்தறீங்க? ஊட்டுச் சண்டைய ஊட்டுல வெச்சுக்கக் கூடாதா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்ததில் கொஞ்சம் சூடு இறங்கியது. அழுதவர்களும் இருந்தார்கள். ஒரு சின்னப் பெண் சலங்கையை அவிழ்த்து முருகவேலின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதை எடுக்காமல் சுற்றி நடந்தார்.

லிங்கசாமி கடிதத்தைப் பார்த்து வாசித்தார். "வழியில நிக்க நாப்பது பேரு வேணுங்க. மஞ்சத் துணி கையில கட்டோணும். அந்த எடத்துல ஆரும் வராம பாத்துக்கோணும்."

"ஆடற எடத்துல எங்களுக்கு எடமில்ல. ஆடாத எடத்துக்கு நாங்க காவலா?" என்றாள் சாமியாத்தாள்.

ஒருவரும் கை தூக்கவில்லை. மஞ்சள் துணிக் கட்டை மேடைப் படியில் வைத்தார். வீட்டுக்குப் போகும்போது சாரதாமணி வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நெருப்பெரிச்சல் திருப்பத்தில், "பால் வாங்கோணும்," என்றாள். வாங்கினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு லிங்கசாமி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். மேற்கில் பதின்மூன்று அடி, கிழக்கில் பதின்மூன்று அடி. கயிறு கட்டினார்கள். பதினொரு மணிக்கு நாற்காலிக்காரர் நூறு நாற்காலியைக் கயிறு கட்டிய வழிக்குள் இறக்கினார். எடுக்கச் சொன்னதும் எடுத்தார். இரண்டு மணிக்குத் தீயணைப்பு வண்டி வந்து தெற்கு வாசலில் நின்றது. சோணைமுத்து வரவில்லை. அவருக்கு வேறு எங்கோ மணி அடித்திருந்தது.

மூன்றரைக்குள், கேட்ட நாற்பதில் முப்பத்திரண்டு பேர் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். எல்லோரும் எட்டும் ஒன்பதும். எல்லோரும் ஆட்டத்துக்கென்று எடுத்த மயில் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். சாரதாமணி மேற்கு வழியில் நடுவாக நின்றாள். சாமியாத்தாள் அவளுக்கு இருபதடி தள்ளி நின்றாள். சாமியாத்தாளின் காலில் சலங்கை இருந்தது. யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

நான்கு பத்துக்கு ஆரம்பித்தார்கள். அறுநூற்று முப்பது பேர் ஏழு வளையம். வினிதா என்ற பெண் ஏழாவதில் ஆடினாள். இரண்டு முறை அடி தவறி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டாள். பார்க்க ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு பேர் வந்திருந்ததாகப் போலீஸ் சொன்னது. வழிக்குள் ஓர் ஐஸ் வண்டி இரண்டு முறை நுழையப் பார்த்தது. இரண்டு முறையும் சாரதாமணி திருப்பி அனுப்பினாள். பிறகு ஒரு நாய் வந்து கிழக்குப் பக்க வழியில் முழு நீளத்துக்கும் நடந்து போனது. அதை யாரும் தடுக்கவில்லை. வள்ளி திருமணம் ஏழு ஐம்பதுக்கு முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வழியில் எந்த வண்டியும் போகவில்லை.

முடிந்ததும் முருகவேல் சாரதாமணியைப் பார்த்து, ஏழாவதில் ஓர் இடம் பார்த்து வைத்திருந்ததாகவும் லிங்கசாமிதான் வேண்டாம் என்றுவிட்டதாகவும் சொன்னார். அவள் லிங்கசாமியைப் பார்த்தாள். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "மறுமுனையப் பிடிங்க, சிக்குது," என்றாள். பிடித்தார்.

எட்டே காலுக்குத் தீயணைப்பு வண்டி போனது. எட்டரைக்கு வீட்டுக்கு வந்தார்கள். காலையில் வடித்த சோறும் ரசமும் இருந்தன. சாப்பிட்டார்கள். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டாள். மைதானத்தைச் சுத்தம் செய்து திங்கட்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது பதினெட்டாவது நிபந்தனை. அதன் கீழும் லிங்கசாமி கையெழுத்துப் போட்டிருந்தார்.